குழந்தைகளும் கதை ஆசிரியர்களே
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் குழந்தைகளின் கையில் நூலைக் கொடுத்துவரும் கழகம் இது. அந்த நூலை எழுதுவதிலும் அவர்களுக்குப் பங்குண்டு என்பதே நான் இன்று கூறவந்த கருத்து.

நம் முன்னோடிகள் இவ்வழியில் முதற்படியை ஏறிக் காட்டினார்கள். ஆசிரியராகப் பணியாற்றிய எம். சி. ராஜா அவர்கள், சட்டமன்றத்தில் நமக்காக வாதாடியதோடு நில்லாமல், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல்களும் எழுதினார்கள். அடுத்த படியைக் குழந்தைகளே ஏற வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் இத்தாலி நாட்டைப் பார்க்கலாம். எழுத்தாளர் ஜான்னி ரோதாரி 1960களில், ரோம் நகரின் ஓரத்திலுள்ள துருல்லோ என்னும் உழைப்பாளர் குடியிருப்பின் தொடக்கப் பள்ளிக்குச் சென்றார். அங்கே ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கதையை வளர்த்தார். அது 1966இல் 'வானத்தில் ஒரு கேக்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. துருல்லோவின் வானில் மாபெரும் வட்டப் பொருளொன்று வந்து நிற்கிறது. வேற்றுக் கோளின் கலம் என்று பெரியவர்கள் நடுங்குகிறார்கள். அது கேக் என்று கண்டறிபவர்கள் குழந்தைகளே. அதிசயம் அரண்மனைக்கு மேல் வரவில்லை; ஏழைகளின் தெருவுக்கு மேல் வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் கதைகளில் என்ன இடம்? நம் பிள்ளை பெரும்பாலும் இரக்கத்துக்குரியவனாகவே வருகிறான்; யாரோ வந்து அவனுக்கு உதவுகிறார்கள். என் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு கதையைத் தொடங்கி வைத்தேன். தாய் துவைத்து உலர்த்திய துணிமீது சாம்பல் படிகிறது. மகன் என்ன செய்வான்? "மறுபடி துவைத்துக் கொடுப்பான்" என்றான் ஒருவன். ஒரு மாணவி எழுந்து, "நாளைக்கும் சாம்பல் விழுமே, சார்! அந்தத் துணியை எடுத்துக்கொண்டு சாம்பல் அனுப்புகிறவரிடம் போய், நீங்களே துவைத்துக் கொடுங்கள் என்று கேட்கட்டும்" என்றாள். கதை அங்கே திரும்பியது. அதைத் திருப்பியவள் அந்தப் பெண்.

ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள். நீதியை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். ஆனால் வலைக்கும் கிரேனுக்கும் குடோனுக்கும் பிள்ளை வழங்கும் சொல்லை அழிக்காதீர்கள். நூல் வெளிவருங்கால் அட்டையில் பிள்ளைகளின் பெயரையும் அச்சிடுங்கள். அவர்களிடம் கதையைப் பெற்றுப் பெரியவர் பெயரில் வெளியிடுவது, கூலி கொடாமல் வேலை வாங்குவதற்கு ஒப்பாகும்.

பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் அரசுப் பள்ளிக் குழந்தைகளின் படைப்புகளுக்கு இடமளித்தன. நம் கழகமும் ஆண்டுக்கு ஒரு கதைநூலையேனும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.