ஷட்டிலுக்கு எவ்வளவு நூல்?



டாட்டிங் லேஸ் போடும்போது பாதி வளையத்தில் ஷட்டில் நூல் தீர்ந்தால் அந்த வளையம் வீண்தான். நடுவில் ஒட்டு முடிச்சுப் போட்டால் வாங்குறவங்க கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். அதுக்காகப் பிதுங்கப் பிதுங்கச் சுத்தினால் நூல் உரசி அழுக்காகிடும்.

முதலில் 2 மீட்டர் அளந்து சுத்தி, ஒரு பூ போட்டு, மிச்சத்தை அளங்க. 60 சென்டிமீட்டர் மிச்சம்னா பூவுக்கு 1 மீட்டர் 40. பத்துப் பூவுக்கு 14 மீட்டர். விரலில் பிடிக்க இன்னும் அரை மீட்டர். ஷட்டில் கொள்ளலைன்னா முழுப் பூக் கணக்கில் பிரிச்சுச் சுத்துங்க.

வளையத்துக்கு முழுக்க ஷட்டில் நூல்தான். செயினுக்கு உருண்டை நூல்தான் முடிச்சாகும், ஷட்டில் நூல் கொஞ்சமே போகும். பக்கத்து அக்காவோட அளவு நமக்கு உதவாது, அவங்க கை இறுக்கம் வேற.

இந்தக் கணக்கைக் குழு நோட்டில் எழுதி, ஆர்டர் பேசும்போதே நூல் விலையையும் சேர்த்துச் சொல்லுங்க. கூலி மட்டும் பேசிட்டு வந்தால் கட்டுப்படியாகாது.