விழுந்த பல்லும் கட்டும் பல்லும்

'த' என்னும் எழுத்தை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறதல்லவா? இனி 'வ' என்று சொல்லுங்கள். மேற்பல் கீழுதட்டின்மேல் வந்து உட்காருகிறது. வகாரம் பல்லும் இதழும் சேரப் பிறப்பது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலிலேயே சொல்லி வைத்தார். ஆகவே முன்பல் போனால் அழகு மட்டுமா போகிறது? 'தமிழ்' என்ற சொல்லின் முதலெழுத்தே தடுமாறுகிறது. எழுந்து வாசி என்றால் கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையையும், கல்யாண வீட்டுப் படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் தாயையும் நம் பேராக் தோட்டங்களில் பார்க்கிறோம். பால்மரக் காடு செம்பனையாகி, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களிடமும் பார்க்கிறோம்.

முதலில், போனது எந்தப் பல் என்று தெரியவேண்டும். ஆறு, ஏழு வயதில் கீழ் முன்பற்கள் ஆடி விழுந்து புதிதாக முளைக்கும். ஏழு, எட்டு வயதில் மேல் முன்பற்கள் வரும். பால்பல் போய் நிலைப்பல் வருகிற இந்தக் காலத்தில் வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்வார்கள் நம் பாட்டிமார். எறிந்துவிட்டுப் போகட்டும், அதனால் நட்டமொன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வெறுமையாகவே இருந்தால், பல் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கவேண்டும். எலும்புக்குள் தேவையில்லாத பல் ஒன்று வழிமறித்துக் கிடக்கலாம். சில குடும்பங்களில் பிறவியிலேயே ஒரு முன்பல் இல்லாமல் இருப்பதும் உண்டு.

மூன்று வயதிலேயே மேல் முன்பற்கள் கறுத்துக் கரைந்து, கட்டையாக நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'பூச்சி தின்றுவிட்டது' என்பார்கள். பூச்சியுமில்லை, ஒன்றுமில்லை. இனிப்பு டின்பாலைக் கலக்கிய பாட்டிலை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்குகிறது. கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காக்கிறது. மேற்பல்லுக்குக் காவலில்லை, சர்க்கரை இரவெல்லாம் அதன்மேல் ஊறுகிறது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடவேண்டிய தாய், பிள்ளை உறங்கினால் போதும் என்று பாட்டிலைக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. பாட்டிலில் கொடுத்தே தீரவேண்டுமென்றால் இரவில் வெறும் தண்ணீர் கொடுங்கள். இந்த வயதில் போன முன்பல்லுக்குப் பதில் பல் கட்டுவது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் மிஞ்சிய வேரில் சீழ் வைத்தால் காட்டாமல் விடாதீர்கள். அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு.

இப்போது சொல்லப் போவதை வீட்டில் எல்லாரும் கேளுங்கள். பத்து வயதுப் பையன் திடலில் பந்து விளையாடுகிறான், அல்லது அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் போகிறான். விழுகிறான். முன்பல் வேரோடு கழன்று மண்ணில் கிடக்கிறது. அந்தப் பல் இன்னும் சாகவில்லை. வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உயிரோடு இருக்கும் மட்டும் அதைத் திரும்ப நடலாம். அரை மணிக்குள் நட்டால் நல்லது. ஒரு மணி கடந்தால் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

பல்லைத் தேடி எடுங்கள். வாயில் வெள்ளையாகத் தெரிகிற பகுதியைத்தான் பிடிக்கவேண்டும், வேரைத் தொடக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில விநாடிகள் அலசினால் போதும். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். பிறகு அது இருந்த குழியிலேயே முன்பக்கம் முன்னால் இருக்கும்படி மெல்லச் செருகி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் ஓடுங்கள். செருக மனம் துணியவில்லையா? ஒரு கிண்ணம் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பால் என்றால் பசும்பால், அல்லது சர்க்கரை சேராத பெட்டிப்பால். டின்பால் அல்ல, மங்கில் வடிகிற பாலும் அல்ல! காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டால் பல் காய்ந்து செத்துவிடும். வெறும் தண்ணீரில் ஊறவிட்டாலும் கெட்டுவிடும். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மணி ஓடிவிடும். அதனால்தான் முதல் வேலை உங்கள் கையில் இருக்கிறது என்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. விழுந்தது பால்பல் என்றால் திரும்பச் செருகவே கூடாது. உள்ளே இருக்கும் நிலைப்பல் காயப்படும். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ, பல்லை விடுங்கள், முதலில் தலையைக் காட்டுங்கள்.

பல் கிடைக்கவேயில்லை, அல்லது நட்டது நிலைக்கவில்லை என்றால் பிள்ளைக்குப் பல் கட்டலாம். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் பிளாஸ்டிக் தட்டில் ஒரு பல் வைத்து, கம்பியால் பக்கத்துப் பற்களில் மாட்டிக் கொடுப்பார்கள். கழற்றி மாட்டலாம். தாடை வளர வளர அதை மாற்றிச் செய்யவேண்டியிருக்கும். 'அவன் பெரியவனாகட்டும், பார்க்கலாம்' என்று வெறுமையாக விடுவது தவறு. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்துவிடும். பிறகு பல் வைக்க இடமிருக்காது. நம் பள்ளிகளுக்கு வருகிற பல் மிஸ்ஸியிடம் கேட்டால் எந்தக் கிளினிக்குக்குப் போவதென்று சொல்வார். 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதிலிருந்து வளர்ந்த சேவை இது. 'ஊசி போடுவார்கள்' என்று அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோரும் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

எலும்பில் திருகி நடும் பல்லைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க் என்பவர் டைட்டேனியம் உலோகம் எலும்போடு ஒன்றிப்போவதைக் கண்டு, 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். நல்ல முறைதான். ஆனால் வளரும் பிள்ளைக்கு ஆகாது. மங்கு கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தாடை வளரும்போது நட்ட பல் மட்டும் வளராமல் பின்தங்கிவிடும். வளர்ச்சி நின்ற பிறகே, அதாவது பதினெட்டு வயதை ஒட்டியோ அதற்குப் பின்போதான் நடுவார்கள். ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைபிடிப்பவருக்கும் அது பிடிக்காமல் போகும் அபாயம் அதிகம்.

பெரியவர்களுக்குக் கழற்றி மாட்டும் செட் உண்டு. பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்டு நிலையாகப் பொருத்தும் பாலமும் உண்டு. செட்டுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் குறைவு, ஆனால் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். வெற்றிலை, புகையிலை போட்டுப் பழகியவர்களுக்குப் பல் போவது பெரும்பாலும் ஈறு நோயால். ஈற்றைச் சுத்தம் செய்யாமல் பல் கட்டினால் மிச்சப் பல்லும் ஆடத் தொடங்கும். வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டுப் பல் போயிருந்தால், டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சொக்சோவில் விசாரியுங்கள்.

காத்திருக்கும் பொறுமையின்மையைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். கைத்தொலைபேசியில் விளம்பரம் செய்து, வீட்டுக்கே வந்து, ஒரு மணி நேரத்தில் பல் கட்டித் தருகிறார்கள். எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் பசையைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிட்டார்கள். கழற்ற முடியாது, உள்ளே துலக்க முடியாது. சோறு தங்கி ஈறு அழுகி, கடைசியில் நல்ல பற்கள் இரண்டையும் பிடுங்கவேண்டியதாயிற்று. பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். கிளினிக் சுவரில் இவ்வாண்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செட் மாட்டுகிறவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சின்னத் தட்டு தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. கொதிநீர் ஊற்றினால் கோணிப்போகும். சோப்பும் பிரஷும் போதும். உடைந்தால் கடைப் பசையால் ஒட்டாதீர்கள். தட்டு உரசிப் புண் வந்தால் டாக்டரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், 'செட் குத்தியதுதான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.