பிரெஞ்சு மக்களின் திருநாள்

வரலாற்றுத் தேர்வில் "ஜூலை 14 பற்றிச் சிறுகுறிப்பு வரைக" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்த நாள்" என்று எழுதிவிடுவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடைத்தாள் திருத்தியவன் நான். அவ்விடை எனக்கு மனப்பாடம். அது தவறன்று. ஆனால், பிரெஞ்சு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளில் எதனைக் கொண்டாடுகின்றனர் என்று வினவினால், விடை அத்துணை எளிதாக அமைவதில்லை. அந்நாளை நாட்டுத் திருநாளாக்கிய சட்டம் 1880ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் நிறைவேறிற்று. ஜூலை 14 ஆண்டு விழாவாகக் கொள்ளப்படும் என்று கூறும் அச்சட்டம், எந்த ஆண்டின் ஜூலை 14 என்பதைக் கூறவே இல்லை. அவ்வாறு விட்டதற்குக் காரணம் உண்டு.

முதலில் 1789ஐக் காண்போம். அன்று பாஸ்டிலில் அடைபட்டிருந்த கைதிகள் 7 பேரே. அந்த எழுவரை மீட்கவா பாரிஸ் நகரமே திரண்டது? இல்லை. மக்கள் நாடிச் சென்றது அங்கே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தை. அவர்களை வீதிக்குத் துரத்தியவற்றுள் வயிற்றுப் பசியும் ஒன்று. முந்திய ஆண்டு, 1788 ஜூலை 13 அன்று பெய்த கடுமையான ஆலங்கட்டி மழை, கதிர் முற்றிய வயல்களைப் பாழாக்கிற்று. அதன் பின்னர்ப் பாரிசில் நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி ஒன்றின் விலை, 8, 9 சூ என்னும் நிலையிலிருந்து பதினான்கரை சூ வரை ஏறியது. சூ என்பது அக்காலச் சிறு நாணயம். சாதாரணக் கூலியாள் ஒருவன் நாள் முழுதும் உழைத்துப் பெற்றது 20 முதல் 30 சூ வரைதான். கூலியில் ஏறத்தாழப் பாதி ஒரே ரொட்டிக்குப் போயின், மனைவி மக்களைக் காப்பது எங்ஙனம்? கோட்டை வீழ்ந்தது, தாக்கியவருள் ஏறத்தாழ 100 பேர் மாண்டனர். கோட்டைத் தலைவனும் கொலையுண்டான். அவன் தலையை ஈட்டி முனையில் ஏந்தி மக்கள் ஊர்வலம் சென்றனர்.

அடுத்த ஆண்டு அதே ஜூலை 14 வந்தது. பாடநூல்கள் இந்த 1790ஐ ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதைப் பற்றி எத்துணைப் பேசினாலும் சலிப்பதில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் காவற்படையினரின் பிரதிநிதிகள் பாரிசில் கூடி, ஒற்றுமைக்கு உறுதிமொழி எடுப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ஷான் தெ மார்ஸ் என்னும் திடலைச் சுற்றி மண்மேடு எழுப்ப வேண்டும். கூலியாட்களால் குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க இயலாது எனத் தெரிந்ததும், நகர மக்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தாமே புறப்பட்டனர். சீமாட்டிகளும் சந்தைக் கடைப்பெண்களும், துறவிகளும் போர்வீரரும், ஒருவர் வெட்டிய மண்ணை ஒருவர் சுமந்தனர். விழாவன்று மழை கொட்டிற்று. கொட்டும் மழையிலே தளபதி லஃபாயெத் உறுதிமொழி கூறினார். மன்னர் பதினாறாம் லூயியும் கூறினார். பின்னர் வந்தவர்க்கெல்லாம் விருந்து நடந்தது. இடித்துத் தள்ளப்பட்ட பாஸ்டில் நின்ற இடத்தில் விளக்குகளை ஏற்றி, இது ஆடுதற்குரிய இடம் என்று பலகை நாட்டி, மக்கள் இரவெல்லாம் நடனமாடினர். சிறை நின்ற நிலத்தைக் கூத்தரங்காக்கிய அந்த எண்ணத்தை வியவாதிருக்க என்னால் இயலவில்லை.

அந்த ஒற்றுமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1791 ஜூலை 17 அன்று, மக்கள் தம் கையாலேயே மண் சுமந்த அதே திடலில், மன்னரை நீக்குமாறு விண்ணப்பம் எழுதக் கூடியிருந்தோர்மீது, அதே லஃபாயெத்தின் தலைமையில் வந்த காவற்படை சுட்டது. பலர் மடிந்தனர். 1793இல் மன்னரின் தலையும் வீழ்ந்தது.

இவையனைத்தும் 1880இல் சட்டம் இயற்றியோர்க்கு நினைவில் இருந்தன. இரத்தம் சிந்திய நாளையா விழாவாக்குவது என்று சிலர் தடை எழுப்பினர். மேலவை உறுப்பினரும் வரலாற்றாசிரியருமான ஆன்ரி மார்த்தேன், 1789க்குப் பின் 1790 என்று ஒரு நாளும் உண்டு என எடுத்துக்காட்டினார். ஆண்டைக் குறிப்பிடாமல் விட்டமையால், கோட்டையை வீழ்த்தியதைப் போற்றுவோரும் கைகோத்து நின்றதைப் போற்றுவோரும் ஒரே நாளில் கூட முடிந்தது. இதனைத் தந்திரம் என்பாரும் உளர்; நான் பக்குவம் என்பேன்.

விழா முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். பல ஊர்களில் சிறுவர் விளக்கேந்தி ஊர்வலம் வருவர். தீயணைப்பு நிலையங்கள் கதவைத் திறந்து ஊராரை நடனத்திற்கு அழைக்கும். இவ்வழக்கம் 1937இல் பாரிசின் மோன்மார்த்ர் பகுதியில் தொடங்கியதாகச் சொல்வர். மறுநாள் காலையில் ஷான்செலிசே பெருவீதியில் படை அணிவகுப்பு. 1919ஆம் ஆண்டு அணிவகுப்பில் முன்னே சென்றவர்கள் தளபதிகள் அல்லர். போரில் கைகால் இழந்தும் முகம் சிதைந்தும் மீண்ட 1,000 வீரர்கள். இரவில் வாணவேடிக்கை.

இடையில் வருவது விருந்து. நம் பொங்கலுக்குப் பொங்கல்போல இத்திருநாளுக்கென்று விதித்த பண்டம் எதுவும் இல்லை. அந்தந்த வட்டாரத்துக்குரிய உணவை, ஊர்ப் பொதுவிடத்தில் நீண்ட மேசைகளை இட்டு, எல்லாரும் சேர்ந்து உண்பதே வழக்கம். தெற்கே புரோவான்சு நாட்டு ஊர்களில் விழாக்காலங்களில் "பெரிய அயோலி" சமைப்பர். பூண்டைக் கல்லுரலில் இட்டு மைய இடித்து, ஒலிவ எண்ணெயைத் துளித்துளியாக வார்த்து, கெட்டியாகத் திரளும்வரை குழைப்பது அயோலி. அவசரப்பட்டு எண்ணெயைக் கொட்டினால் திரிந்துவிடும். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அவித்த உருளைக்கிழங்கு, காரட், முட்டை ஆகியவற்றை அதில் தோய்த்து உண்பர். பூண்டு மணம் இரண்டு நாள் நீங்காது என்றாலும், ஊரே உண்டிருப்பதால் எவரும் எவரையும் குறை கூறார்! மேற்கே பிரெத்தாஞ் மக்கள் மரக்கோதுமை மாவில் அடை வார்த்து, ஆப்பிள் மதுவோடு உண்பர்.

எங்கும் தவறாதிருப்பது ரொட்டி. புரட்சி அரசு 1793இல், செல்வர்க்கு வெள்ளை ரொட்டி ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்னும் வேற்றுமையை ஒழித்து, எல்லார்க்கும் ஒரே ரொட்டி என ஆணையிட்டது. அதனைச் "சமத்துவ ரொட்டி" என்றனர். இன்று கோல்போல் நீண்டு விளங்கும் பகெத் ரொட்டியின் கைவினையை 2022இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. 2000ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, வடகடல் ஓரத்துத் துன்கெர்க் முதல் தெற்கே பிரனே மலை வரை, பாரிசின் வழியே செல்லும் நெடுங்கோட்டின்மீது 337 ஊர்களில் மக்கள் சிவப்புக் கட்டம் போட்ட துணி விரித்து ஒரே வேளையில் உண்டனர். 1790இல் போலவே அன்றும் பல ஊர்களில் மழை. குடை பிடித்துக்கொண்டு உண்டனர்.

சமபந்தி என்னும் சொல்லின் அருமை நமக்குத் தெரியும். பந்தியில் யாருக்கு இடமில்லை என்று பார்க்கவும் நமக்குத் தெரியும். 1790இல் ஆடவர்க்கு இணையாக மண் சுமந்த பெண்களின் வழித்தோன்றல்கள் வாக்குரிமை பெற்றது 1944இல்தான். இன்று அத்திருநாளில் தெருவோரத்து அடுப்புகளில் வாட்டி ரொட்டிக்குள் வைத்துத் தரும் "மெர்கெஸ்" என்னும் சிவந்த இறைச்சிக் குழல், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அந்த வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அல்ஜீரியத் தொழிலாளர்கள், 1953 ஜூலை 14 அன்று பாரிசில் நடந்த ஊர்வலத்தில் தம் நாட்டின் விடுதலையைக் கேட்டு நடந்தனர். நாசியோன் சதுக்கத்தில் காவலர் சுட்டதில் அல்ஜீரியர் 6 பேரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் இறந்தனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பாடிய நாளின் மாலை அது. உணவை ஏற்றுக்கொண்ட மேசை, உணவைக் கொணர்ந்தவனை ஏற்கக் காலம் பிடித்தது.

இத்திருநாள் நம் கடற்கரைக்கும் வந்ததுண்டு. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவெய்தியது. அப்போது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ள 6 மாத காலம் அளிக்கப்பெற்றது. அவ்வாறு தக்க வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. அவர்களுள் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர். ஜூலை 13 மாலையில் அவர்கள் கையில் விளக்கேந்தித் தெருக்களின் வழியே வருவதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். மார்பில் பதக்கங்கள், வாயில் பிரெஞ்சும் தமிழும். மறுநாள் கடற்கரையில், முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னத்தின் முன் மலர் வைத்து நிற்பர். இரு நாட்டுப் பண்களும் ஒலிக்கும். இரண்டையும் அம்முதியவர்கள் வணக்கம் வைத்த கையைத் தாழ்த்தாமலே கேட்டு நிற்பர்.