களைப்பு சோம்பல் அன்று
(திருநாவலூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

அருகன் திருவடிகளைப் போற்றி, இச்சிற்றுரையைத் தொடங்குகிறேன்.

1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அன்று தொட்டு மருத்துவம் பெரிதும் வளர்ந்துள்ளது. நோய் நீங்கி வாழ்வோர் பலர். எனினும் நோய்க்கும் சிகிச்சைக்கும் துணையாய் வரும் களைப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இது உறங்கி எழுந்தால் நீங்கும் அயர்ச்சி அன்று. திருநறுங்கொண்டைக் குன்றேறி அப்பாண்டைநாதரைத் தொழுதவர், வீட்டு முற்றத்தைக் கடக்கவும் தளர்வார். மருந்தேற்றிய பின் சில நாள்கள் இது மிகும். கதிர்வீச்சின்போது வாரந்தோறும் கூடும். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் நீடிப்பதும் உண்டு. “மனம் வைத்தால் எழலாமே” என்னும் வீட்டாரின் சொல், துன்புறுவோரை மேலும் வருத்தும்.

இரத்தசோகை, தைராய்டு குறைவு, வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு, ஊட்டக்குறைவு ஆகியவை களைப்பைக் கூட்டுவன. இவற்றுள் பல மருத்துவத்தால் சீராகும். ஆதலின் களைப்பை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், படுக்கையை விட்டு எழ இயலாமை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனை செல்க.

முழுநாளும் படுத்திருத்தல் தளர்ச்சியை வளர்க்கும். மருத்துவர் இசைந்தால் நாள்தோறும் ஐந்து அல்லது பத்து நிமிடம் மெல்ல நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டுக. பகலுறக்கம் அரைமணியளவில் அமைக. வலிமை மிகுந்திருக்கும் வேளைக்கு இன்றியமையாப் பணியை வைத்து, ஏனையவற்றைப் பிறரிடம் விடுக.

இரவில் உண்ணாமை நம் ஒழுக்கம். அதனைக் காப்போர், பொழுது சாயுமுன் பருப்பு, பயறு, பால், கீரை முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம். சிகிச்சைக் காலத்தில் உண்ணாநோன்பு ஏற்க விழைவோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவம் ஒன்று. ஆற்றலை மீறிய தவத்தை நம் அறம் வேண்டவில்லை.

அப்பாவனைகளுள் வையாவிருத்தியம் என்னும் தொண்டும் ஒன்று. நோயுற்றார்க்கு நீர் கொணர்தலும், மருத்துவமனைக்கு உடன்செல்லலும், அவர் தளர்வை நம்புதலும் அத்தொண்டே. இன்று இல்லம் திரும்பியதும் களைத்திருக்கும் ஒருவரிடம், “எழுந்திருங்கள்” என்னாது, “எந்த வேலையை நான் செய்யட்டும்?” என்று கேளுங்கள்.

வாழ்க அறம்.