இரும்பின் பல நிலைகள்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயந்திரக் கருவிகளும் படைக்கலன்களும் உருவாகும் இந்த அம்பர்நாத்தில் இரும்பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், பட்டறையில் நாம் காணும் இரும்பு வேறு. நம் குருதியில் ஓடும் இரும்பு வேறு. இரண்டையும் ஒருங்கே காண விழைகின்றேன்.

இரும்பு 1538 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். அதற்கு முன்னரே, திண்பொருளாய் இருக்கும்போதே, அது தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. 770 பாகையில் காந்தத்தின் ஈர்ப்புக்கு வயப்படும் தன்மையை இழக்கிறது. 912 பாகையில் அதன் அணுக்கள் வரிசை மாறி நெருங்கி அமைகின்றன. அந்நிலையில் கரியை மிகுதியாக ஏற்கும். அவ்வாறு கரி ஏற்றதைச் சட்டென நீரில் தோய்த்தால், கரி வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது. உளி கடினம் பெறுகிறது.

நம் முன்னோரின் ஊதுலை 1538 பாகையை எட்டவில்லை. கசடு உருகி ஓட, இரும்பு கடற்பஞ்சு போன்ற கட்டியாய் எஞ்சியது. ஆனால் நூற்றுக்கு 4.3 பங்கு கரி சேர்ந்தால், ஏறத்தாழ 1150 பாகையிலேயே இரும்பு உருகும். கரி மிகுந்தால் உருகுநிலை தாழும் என்னும் இவ்வியல்பே மூசையில் இட்டு உருக்குவதற்குத் துணை நின்றது. 'உருக்கு' என்னும் சொல்லே அத்தொழிலைச் சொல்லுகிறதன்றோ! ஈரோடு மாவட்டக் கொடுமணலில் அத்தொழிலின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இனிச் சேர்மங்களைக் காண்போம். சேலம் கஞ்சமலையின் காந்தக்கல், இரும்பும் உயிர்வளியும் கூடிய கரும்பாறை. மழைக்காலத்தில் நம் குடியிருப்புச் சன்னற் கம்பிகளில் படியும் துருவும் அக்கூட்டே. நீரும் சேர்ந்ததால் செம்பொடியாயிற்று. அது பருத்து உதிர்வதால் அடியிலுள்ள இரும்பைக் காப்பதில்லை. அன்னபேதி பச்சைப் படிகம். காய்ச்சினால் நீர் நீங்கி வெளுக்கும். இரும்பு ஐங்கார்பனைல் என்னும் நச்சுப் பொருளோ அறை வெப்பத்திலேயே மஞ்சள் நீர்மம். சேர்க்கை மாறினால் இயல்பும் மாறும்.

தாய்மார்களே! வளர்ந்தவர் உடலில் இரும்பு 3 அல்லது 4 கிராமே உண்டு. அது குறைந்தால் உடல் வெளிறும், மூச்சு வாங்கும். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். இரும்புக் குறைவு அதற்கு ஒரு தலையாய காரணம்.

கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையிலுள்ளது. குடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் உயிர்ச்சத்து 'சி' அதனை ஃபெரஸ் நிலைக்கு மாற்றி உதவும். உணவுடன் பருகும் தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கும். ஆகவே அவற்றை ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுங்கள். சோர்வு நீடித்தால் குருதியைச் சோதித்து, மருத்துவர் சொற்படி மாத்திரை உண்ணுங்கள். அம்மாத்திரையைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவு மிஞ்சினால் அதுவே அவர்தம் உயிருக்கு ஊறாகும்.

ஆலையில் இரும்பை ஆளும் நம் குடும்பங்களில், அடுப்படியில் நிற்கும் அன்னையருக்கு இரும்பு குறையலாகாது.