கோபுரத்தை அப்புறம் எடுக்கலாம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கேமராவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் நிபுணன் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு பழகியவன். மூன்று வருட அனுபவத்தில் முதல் வருடம் முழுக்கத் தப்புதான். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மகன் லீவுக்கு வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தான். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் மலைக்கோயில், கல்லணை என்று தூக்கிக்கொண்டு சுற்றினேன். ஆட்டோ மோடில் வைத்துப் பட்டனை அமுக்குவேன், அவ்வளவுதான். நல்ல வெயிலில் எதை எடுத்தாலும் நன்றாகவே வந்தது. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்பில், அத்தானின் எண்பதாம் கல்யாணத்துக்கு, “போட்டோகிராஃபர் எதுக்கு, நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டேன். மண்டபத்துக்குள் மங்கலான டியூப்லைட். 200 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றில்கூட அக்கா முகம் தெளிவாக இல்லை. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “போடா, அடுத்த விசேஷத்துல எடுத்துக்கலாம்” என்றாள்.

ஐந்தே மாதத்தில் அக்கா போய்விட்டாள். ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்குகிறது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையிலிருந்து, “படம் அனுப்புங்க சார்” என்று போன். என்னிடம் ராஜகோபுரம் 40 படம் இருந்தது. அக்கா படம் ஒன்று இல்லை. கடைசியில் பழைய கல்யாண குரூப் போட்டோ ஒன்றிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துக் கொடுத்தோம். மாலை போட்டிருக்கும் அந்தப் படத்தில், அக்கா தோள் பக்கத்தில் வேறு யாருடைய புடவையோ இன்றைக்கும் தெரிகிறது.

அதற்குப் பிறகுதான் மேனுவலை எடுத்துப் படித்தேன்.

மண்டபத்தில் நடந்தது இதுதான். படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. லென்ஸின் திறப்பு எவ்வளவு பெரியது என்பது அப்பர்ச்சர். அது எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது ஷட்டர் வேகம். வந்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பது ஐஎஸ்ஓ. வெளிச்சம் போதாததால் கேமரா தானாகவே ஷட்டரை 1/10 வினாடி வரை திறந்து வைத்திருந்தது. அதற்குள் அக்கா தலையைத் திருப்பினாள், என் கையும் ஆடியது. ஷட்டரை 1/125-இல் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றியிருக்க வேண்டும். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் முகம் முகமாக இருக்கும்.

நம் ஊரை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். ராணுவத்தில் இருந்தவர். லீவில் இங்கிலாந்து போனபோது பொழுதுபோக்காகப் புகைப்படம் பழகியவர். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858-இல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்தார். பெரும்பாலும் காகித நெகட்டிவ்தான். ஒரு படத்துக்கே நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும், நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். அவர் படங்களில் மலையும் மண்டபமும் அவ்வளவு துல்லியம், ஆட்களைத்தான் காண்பது அரிது.

அவருக்கு வேறு வழி இல்லை. எனக்கு இருந்தது. அவர் காலத்தில் மொட்டைக் கோபுரமாக நின்ற ராஜகோபுரம் 1987-இல் 13 நிலையோடு எழுந்தது. இனியும் நிற்கும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் எடுப்பது வீட்டுப் பெரியவர்களைத்தான். பழகியதைச் சொல்கிறேன். செல்போனுக்கும் இது பொருந்தும்.

உச்சி வெயில் வேண்டாம், கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலை எட்டு மணிக்கு, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் போதும். அவர்களை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், முதுகு காட்டி வேண்டாம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் நிறம் கெடும். முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்குப் பெரிதாகத் தெரியும். ஆறடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். திரையில் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒரு பிரிண்ட்டும் போட்டு வையுங்கள். போன் தொலையும், பிரிண்ட் பீரோவில் கிடக்கும்.

என் மாமியாரிடம் கேமராவோடு போனபோது, “மாலை போடறதுக்கா எடுக்கிறீங்க மாப்ளே?” என்று கேட்டார். நான் திணறிப் போனேன். “பேரனுக்கு அனுப்பணும்த்தை” என்றேன். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகமே மாறியது. அப்போது எடுத்த படம்தான் இன்று எங்கள் ஹாலில் இருக்கிறது. அவரும் தினமும் அதைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு நம் கம்யூனிட்டி ஹாலின் வடக்கு ஜன்னல் பக்கம் நான்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்த வேண்டாம். படத்தை நீங்களே உங்கள் போனில் எடுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நான் எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.