படியில் உட்கார்ந்தவர்களின் பாட்டு

(ராயக்கோட்டையில் மாணவர்கள் கூட்டிய பண்பாட்டு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேங்க் கிளார்க். நாள் முழுக்க நோட்டு எண்ணுறவன். இன்னிக்கு வேறொரு நோட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன். கொச்சி யூதப் பெண்கள் பாட்டெழுதி வைத்திருந்த நோட்டு. ராயக்கோட்டையில யூதர் கதை எதுக்குன்னு கேட்பீங்க. சொல்றேன்.

கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாள என்று பல ஊர்களில் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, வேதக்கதைக்கு, தங்கள் தொழுகைக்கூடத்தின் பெருமைக்கு என்று தனித்தனிப் பாட்டு. பெண் பாடுவதை ஆண் கேட்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்த யூத சமூகங்கள் பல உண்டு. கொச்சியிலோ ஆண்கள் இருக்கும் சபையிலேயே பெண்கள் சேர்ந்து பாடினார்கள். கையால் எழுதிய நோட்டு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போனது.

இதோடு நிறுத்தினால், 'இசை மக்களை இணைக்கும்' என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனா அங்கேயும் சாதி இருந்தது.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடம் இருக்கிறது. பின்னால் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய 'வெள்ளை' யூதர்களின் கூடம் அது. அவர்களுக்கு முன்பே அங்கிருந்த மலபார் யூதர்கள் 'கறுப்பர்' ஆனார்கள். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் 'மெசுக்ராரிம்'. எபிரேயத்தில் 'விடுவிக்கப்பட்டவர்' என்று பொருள். பேருதான் விடுதலை. கூடத்துக்குள் அவர்களுக்கு இருக்கை இல்லை. முன்கட்டிலும் படியிலும் உட்காரணும். பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். தோராவைப் பேச்சு மாதிரி வாசிப்பதில்லை, ராகமிட்டு ஓதுவார்கள். ஆக, வாசிக்காதே என்றால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

இப்போ பெண்களின் நோட்டைத் திறங்க. கறுப்பு யூதப் பெண்ணின் நோட்டில் இருந்த பாட்டு பரதேசிப் பெண்ணின் நோட்டிலும் இருந்தது. பாட்டு சுவரைத் தாண்டிவிட்டது. ஆளால் தாண்ட முடியவில்லை. பாட்டு மட்டும் சாதியை உடைக்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

உடைத்தது போராட்டம். மெசுக்ராரிம் வழியில் வந்த வக்கீல் ஏ.பி.சேலம் (1882–1967) அந்தக் கூடத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். நாசிக்கில் 1930இல் அம்பேத்கர் காலாராம் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கிய காலகட்டம் அது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மெசுக்ராரிம் வழியில் பிறந்த ரூபி டேனியல் 1951இலேயே போனவர். அங்கே உட்கார்ந்து இந்தப் பாட்டுகளை நூற்றுக்கு மேல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். 2005இல் ஸ்கரியா ஸக்கரியாவும் ஓஃபிரா காம்லியேலும் 'கார்குழலி' என்று மலையாளப் பாட்டுகளை எபிரேய மொழிபெயர்ப்போடு தொகுத்தார்கள். படியில் உட்காரவைக்கப்பட்ட வம்சத்துப் பெண், எல்லாருக்குமான பாட்டைக் காப்பாற்றினார். யோசிச்சுப் பாருங்க.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். ஊர்ச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டம். அதே பறையை நம்ம மேடையில் நாமே கையில் எடுத்தது இன்னொரு போராட்டம். யாருக்காக அடிக்கிறோம் என்பதை நாம் முடிவு செய்த அன்றுதான் அது நம் இசையானது. சரி, பறை வந்துவிட்டது. நம்ம பெண்களின் பாட்டு எங்கே?

எங்க ஆயா ஒப்பாரி சொன்னா தமிழோட தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். எல்லைக்காட்டு நாக்கு. நான் பட்டம் வாங்கினேன், கவிதை எழுதினேன். ஆயா பாட்டில் ஒரு வரி எழுதி வைக்கலை. அது இலக்கியம்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை, எனக்கும் தோணலை. ஆயா செத்தன்னிக்கு மத்த கிழவிகள் பாடினாங்க. அவ கட்டின பாட்டு ஒருத்தருக்கும் முழுசா வரலை. அன்னிக்கு அழுதது ஆயாவுக்காக மட்டும் இல்லை.

அதனால ஒரு வேலை. ஒவ்வொரு மாணவரும் தன் சேரியில் ஒரு மூத்த பெண்ணிடம் போய் உட்காருங்க. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிச்சு வர்ற அக்காவும் பாடுவாங்க, கேளுங்க. போனில் பதிவு செய்வதோடு விடாதீங்க, கையால் எழுதுங்க. சொன்னபடியே எழுதுங்க, திருத்தாதீங்க. பாடினவங்க பேரை முதலில் போடுங்க.

நோட்டு இல்லாதவங்க என்கிட்ட வாங்க. எங்க கிளையில போன வருஷத்து டைரி நிறையக் கிடக்குது.